ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று கேட்டு வாங்கிய கதை

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள டவுன் தெருக்களில் வளவு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பொது வாசல், உள்ளே நீள முற்றம், இருபுறமும் வரிசையாகக் குடித்தனங்கள். ரத வீதியிலிருந்து பிரியும் எங்கள் தெருவிலும் அப்படிச் சில உண்டு. ஒரு காலத்தில் படியேறிப் போன வாசலுக்கு இப்போது இறங்கித்தான் போக வேண்டும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் மழையில் வாறுகால் (சாக்கடை) தண்ணீர் பட்டாசல் (வீட்டுக் கூடம்) வரை வந்தது.

அதனால், மறுபடி ரோடு போடப் போகிறார்கள் என்றதும் எங்களுக்குப் பயம்தான் வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவிட்டிருக்கிறார். ஆனால் அந்த உத்தரவு தெரு வரைக்கும் வந்து சேர யாராவது அலைய வேண்டுமே.

சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கப் போனால் வளவுக்காரர்கள் தயங்கினார்கள். "நாங்க வாடகைக்கு இருக்கோம் அண்ணாச்சி, எங்க கையெழுத்து செல்லுமா?" செல்லும். வாக்காளர் பட்டியலில் அந்தப் பகுதியில் பெயர் இருந்தால், ஊரில் கிராம சபை மாதிரி நகரத்தில் நடக்கும் பகுதி சபையில் பேசலாம். சொந்த வீடா என்று கேட்க மாட்டார்கள். இதைப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கடைக்காரர்களுக்கு வேறு கவலை. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் தெருவைக் கிளறிப் போட்டால் வியாபாரம் படுத்துவிடும். நியாயம்தானே? தேர் நிலைக்கு வந்த பிறகு வேலை தொடங்க வேண்டும் என்று மனுவிலேயே சேர்த்தோம். அப்புறம் அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

பகுதி சபையில் முதலில் பேசியவர்கள் ஊர்ப் பெருமையைப் பேசினார்கள். கேட்க நன்றாக இருந்தது, காரியம் நகரவில்லை. எங்கள் வளவில் இருக்கும் கொத்தனார் ஒருவர், ட்யூபில் தண்ணீர் நிரப்பி வாசல் வாசலாக மட்டம் பார்த்து, சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். எந்த வாசல் ரோட்டைவிட எத்தனை அங்குலம் பள்ளம் என்பதெல்லாம் ஒரு நோட்டுத் தாளில் இருந்தது. அதை ஓர் ஆச்சி எழுந்து கடகடவென்று வாசித்தார். பொறியாளர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வரவும் செய்தார்.

இதற்கு நடுவே, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி எஸ்டிமேட் நகல் கேட்டிருந்தோம். 30 நாளுக்குள் வர வேண்டிய பதில் தாமதமாகத்தான் வந்தது. பிரித்துப் பார்த்தால், தார் சுரண்டுவதற்கென்றே தனியாகத் தொகை ஒதுக்கியிருக்கிறார்கள்! ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சுரண்டாமலே ஜல்லி கொட்ட வந்த காலையில் அந்தப் பக்கத்தை நீட்டினோம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. யார் யாருக்கோ போன் போட்டார்கள், பிறகு சுரண்டும் இயந்திரம் வந்தது.

வாறுகால் மூடிகள் மட்டும் இன்னும் ரோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன. எஸ்டிமேட்டில் அவை இல்லை. உங்கள் தெருவுக்கு ரோடு வருகிறது என்றால், எஸ்டிமேட்டை முன்கூட்டியே வாங்கி, சுரண்டுவதோடு மூடியும் வாறுகால் மட்டமும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜல்லி இறங்கிய பிறகு கேட்டால், 'அடுத்த வேலையில் பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும்.