பெவர்லி

எனக்கு மிகவும் பிடித்த விமானம், பிளாக்பர்ன் பெவர்லி என்ற சரக்கு விமானம். 1956-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. நான்கு பிஸ்டன் எஞ்சின்கள், உள்ளே மடங்காத சக்கரங்கள். வேகம் குறைவுதான். ஆனால் இன்றைய ஏமனில் உள்ள ஏடன் மலைப்பகுதியில், கல்லும் மணலுமான குட்டி ஓடுதளத்தில் லாரியைச் சுமந்துகொண்டு இறங்கும்! தரை தொட்டதும் புரொப்பெல்லர் தகடுகளின் கோணத்தை மாற்றிக் காற்றை முன்னோக்கித் தள்ளுவார்கள். சட்டென்று வேகம் குறைந்துவிடும். தரையில் அப்படியே ரிவர்ஸும் போகலாம். வானிலிருந்து சரக்கைப் பாராசூட்டில் இறக்க வேண்டுமா? பின்பக்கப் பெரிய கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டே கிளம்புவார்கள்.

செய்தது மொத்தம் 49. முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் ஹல் நகருக்கு அருகே ஒரு பழைய கோட்டையில் நின்றிருந்த அதை 2020-இல் ஏலம் விட்டபோது மனசு பதறிவிட்டது. அது எப்படியாவது பிழைக்க வேண்டும்.