செக்ரோல் செயலிக்கு எல்டாப் லொகின்: செட்டிங்ஸ் பக்கத்தைக் கடைசியில் திறங்கள்

தோட்ட ஒபிஸில் காலையில் கம்பியூட்டரைத் திறக்க ஒரு பாஸ்வேர்ட், செக்ரோல் (நாள்வரவு, சம்பளப் பதிவு) செயலிக்கு இன்னொன்று, கொழுந்து நிறுவைக்கு மூன்றாவது. அந்த மூன்றாவது எப்போதும் மொனிட்டருக்கு அடியில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில்தான் இருக்கும். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் பணியாளர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் டிரக்டரி சேர்வர், அதாவது ஆக்டிவ் டிரக்டரியோ சம்பாவோ, ஓடிக்கொண்டிருந்தால், அதே பாஸ்வேர்டில் வலைச்செயலிக்குள்ளும் விட்டுவிடலாம். அதற்கான வழி எல்டாப் (LDAP), டிரக்டரியைக் கேட்டுப் பதில் வாங்கும் நெறிமுறை.

செயலியின் செட்டிங்ஸ் பக்கத்தை உடனே திறக்காதீர்கள். "லொகின் தோல்வி" என்பதற்கு மேல் அந்தப் பக்கம் எதுவும் சொல்லாது. செயலி ஓடும் அதே சேர்வரில் கமாண்ட் லைனில் எல்டாப்சர்ச் (ldapsearch) கட்டளையைப் போட்டு, ஒரே ஒரு கிளாக்கரின் பதிவை எடுத்துப் பாருங்கள். அங்கே வராதது செயலியிலும் வராது. உங்கள் மடிக்கணினியில் வந்தது கணக்கில் சேராது. நடுவில் இருக்கும் ஃபயர்வோல் வேறாக இருக்கலாம்.

லொகினில் உண்மையில் நடப்பது இரண்டு பைண்ட், அதாவது டிரக்டரியிடம் பெயரும் பாஸ்வேர்டும் காட்டி உள்ளே போவது, இரண்டு தடவை. முதலில் செயலி தனக்கென உள்ள சேவைக் கணக்கில் டிரக்டரிக்குள் போய், தட்டிய பெயருக்கு உரிய ஆளைத் தேடி, டிரக்டரியில் அவருடைய முழு முகவரியான டிஎன்னை (DN) வாங்கிக்கொள்ளும். பிறகு அந்த டிஎன்னோடும் அவர் தட்டிய பாஸ்வேர்டோடும் மறுபடி பைண்ட் செய்யும். இரண்டாவது வெற்றி என்றால்தான் ஆள் உள்ளே. சில செயலிகள் தேடலே வேண்டாம், டிஎன் வார்ப்பு (பெயரை மட்டும் நிரப்பும் அச்சு) ஒன்றைத் தந்தால் போதும் என்று ஆசை காட்டும். தோட்டக் கம்பெனிக்கு அது சரிவராது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பிரிவு என்று டிரக்டரியை அமைத்திருப்பார்கள்; கிளாக்கருக்கு நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கு மாற்றம் கிடைத்த அன்றே அவருடைய டிஎன் மாறி, லொகின் நின்றுவிடும். தேடிப் பிடிக்கும் முறையில் அவர் எந்தப் பிரிவில் இருந்தாலும் அகப்படுவார்.

சேவைக் கணக்குக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய டொமைன் அட்மின் கணக்கை அங்கே போடுவது வீட்டுச் சாவியை வேலியில் தொங்கவிடுவது. சேவைக் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியாகும் நாளையும் குறித்துவையுங்கள். மறந்தால் ஒரு காலையில் எல்லோருக்கும் ஒன்றாகக் கதவு சாத்தும்.

இனி இணைப்பு. 389 சாதாரண போர்ட். அதில் இணைப்பை மறையாக்கமாக மாற்றும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் போடாவிட்டால் பாஸ்வேர்ட் அப்படியே வெறுமையாகக் கம்பியில் போகும். 636 தொடக்கத்திலிருந்தே மறையாக்கம். சம்பா டொமைன் கொன்ட்ரோலர் (டிரக்டரியை வைத்திருக்கும் சேர்வர்) வழமையான அமைப்பில் 389இல் மறையாக்கம் இல்லாத பைண்டை ஏற்காது, பிழை எண் 8ஐத் திருப்பும்; அது பாஸ்வேர்ட் பிழையல்ல. 636இல் முகவரி இடத்தில் ஐபி இலக்கத்தைப் போட்டால் பெரும்பாலும் சேர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழில் உள்ள பெயரோடு பொருந்தாது, ஆகவே முழு சேர்வர் பெயரையே கொடுங்கள். சான்றிதழைக் கம்பெனியின் சொந்த அதிகாரம் வழங்கியிருந்தால் அதன் மூலச் சான்றிதழைச் செயலிச் சேர்வரில் ஏற்ற வேண்டும். ஜாவா செயலி என்றால் இயங்குதளத்தில் ஏற்றுவது மட்டும் போதாமல் போகலாம். ஜாவா தனக்கென ஒரு சான்றிதழ்ப் பெட்டகம் வைத்திருக்கிறது. சான்றிதழைச் சரிபார்க்காதே என்ற தெரிவை டிக் செய்தால் வேலை நடக்கும்தான். நடுவில் எவர் வந்து நின்று பாஸ்வேர்டை வாங்கினாலும் தெரியாது.

மலைப்பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கடிகாரம். மின்வெட்டுக்குப் பிறகு சேர்வர் எழும்பும்போது, மதர்போர்டின் நாணய பேட்டரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். நல்ல சான்றிதழ்கூட "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் திகதியைப் பாருங்கள்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது? டொமைனின் உச்சியிலிருந்து தொடங்கினால் ஆக்டிவ் டிரக்டரி "இதையும் போய்ப் பார்" என்று வேறு முகவரிகளையும் கையில் தரும். செயலி அவற்றின் பின்னால் அலைந்து நேரம் கடந்து விழும். பணியாளர் பிரிவிலிருந்து தொடங்குங்கள், அல்லது அந்த ரெஃபரல்களைப் பின்தொடராதே என்று சொல்லுங்கள். ஒரு கம்பெனிக்குப் பல டொமைன் இருந்தால் எல்லா டொமைனின் பதிவுகளும் சேர்ந்திருக்கும் குளோபல் கெட்டலொக்கின் போர்ட் 3268, மறையாக்கத்தோடு 3269. ஆனால் பிற டொமைன்காரரின் சில பண்புகள் அங்கே வராது.

தேடல் வடிகட்டியில் (யாரைத் தேடுவது என்ற நிபந்தனையில்) பயனர் தட்டிய பெயரை அப்படியே ஒட்டாதீர்கள். நட்சத்திரக் குறியைத் தட்டினால் அது "யாராக இருந்தாலும்" என்று ஆகிவிடும். அடைப்புக்குறிகளை \28, \29 என மாற்ற வேண்டும். நல்ல நூலகங்களில் இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கும்.

எந்தப் பெயரைத் தட்டச் சொல்வது என்பதில்தான் நம்மூரில் அதிகம் இடறும். ஒரே ஒபிஸில் இரண்டு லெட்சுமி இருப்பார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் முடிவில் 'ஐ' போடுவார், மற்றவர் 'வை' போடுவார், யார் எதைப் போடுவார் என்று அவர்களுக்கே சில நாள் மறந்துபோகும். தகப்பன் பெயரை முழுதாகச் சேர்த்தால் ஆக்டிவ் டிரக்டரியின் பழைய லொகின் பெயர் 20 எழுத்தோடு முடிந்துவிடும். அடையாள அட்டை இலக்கம் வேண்டவே வேண்டாம்: பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து புதியது 12 இலக்கம், ஆக ஒரே ஆள் இரண்டு விதமாகத் தட்டுவார், தவிர, அது திரையில் வரக்கூடிய விஷயமும் அல்ல. ஊழியர் இலக்கம் நன்றாக வேலை செய்யும். சம்பளச் சீட்டிலேயே இருப்பதால் யாருக்கும் மறக்காது.

எதைத் தட்டினாலும், செயலியின் தரவுத்தளம் ஆளை இனங்காண லொகின் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. டிரக்டரி பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது; உங்கள் தரவுத்தளம் பார்க்கலாம். அப்போது பெரிய எழுத்தில் தட்டிய குமாரும் சின்ன எழுத்தில் தட்டிய குமாரும் இரண்டு ஆளாகி, பாதிச் செக்ரோல் ஒருவரிடமும் மீதி மற்றவரிடமும் கிடக்கும். பெயர் மாறினாலும் தோட்டம் மாறினாலும் மாறாதது ஒப்ஜெக்ட் ஜியுஐடி (objectGUID), டிரக்டரி ஒவ்வொரு பதிவுக்கும் தானே இடும் நிலையான அடையாளம். ஓப்பன் எல்டாப் என்ற டிரக்டரி சேர்வர் என்றால் என்ட்ரி யுயுஐடி (entryUUID). அதைச் சாவியாக வையுங்கள். ஜியுஐடி 16 பைட் பைனரி, எழுத்துச் சரமாகப் படித்தால் உடைந்துபோகும். திரையில் காட்ட டிஸ்பிளே நேமை எடுங்கள். முதலெழுத்தும் சொந்தப் பெயருமாக வாழும் நமக்கு "குடும்பப் பெயர்" கட்டம் பொருந்தாது. டிஸ்பிளே நேமைத் தமிழிலேயே வைக்கலாம், எல்டாப் மூன்றாம் பதிப்பு எல்லா மொழி எழுத்தும் ஏற்கும் யுடிஎஃப்-8தான். செயலியில் வெறும் கேள்விக்குறிகள் வந்தால் பெரும்பாலும் குறை தரவுத்தள நிரலின் எழுத்துக் குறியாக்கத்தில்.

இதை மட்டும் கட்டாயம் சோதியுங்கள்: சரியான பெயர், வெற்று பாஸ்வேர்ட். எல்டாப் விதிநூலான ஆர்எஃப்சி 4513இன்படி டிஎன் இருந்து பாஸ்வேர்ட் வெறுமையாக இருந்தால் அது அடையாளம் காட்டாத பைண்ட். அதை ஏற்கும் சேர்வர் "வெற்றி" என்றே பதில் சொல்லும். செயலி அந்த வெற்றியை நம்பினால், தோட்டத் துரையின் (மேலாளரின்) பெயரைத் தட்டி என்டரை அமுக்குபவர் எவரும் துரைதான். வெற்றுக் கட்டத்தைச் செயலியே, டிரக்டரியைக் கேட்பதற்கு முன், மறுக்க வேண்டும்.

குழு அனுமதியில் ஒரு பொறி: ஆளின் குழுக்களைச் சொல்லும் மெம்பர்-ஒஃப் (memberOf) பண்பு நேரடி உறுப்புரிமையை மட்டும் காட்டும். குழுவுக்குள் குழு வைத்திருந்தால் 1.2.840.113556.1.4.1941 என்ற பொருத்த விதியைக் கொண்டு தேட வேண்டும். 'டொமைன் யூசர்ஸ்' போன்ற முதன்மைக் குழு அந்தப் பண்பில் தெரியவே தெரியாது, அதை வைத்து அனுமதி கொடுக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிழை எண் 49 என்றால் பாஸ்வேர்ட் பிழை என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஆக்டிவ் டிரக்டரி அதன் வாலில் ஓர் உள்குறியீடு தரும். 52ஈ (52e) பாஸ்வேர்ட் பிழை, 532 காலாவதி, 533 கணக்கு முடக்கம், 775 பூட்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு அடிக்கடி வருவது 773: முதல் லொகினில் பாஸ்வேர்டை மாற்று என்ற கட்டளை. அவர் விண்டோஸ் பக்கமே போகாமல் போனிலிருந்து நேராகச் செயலிக்கு வருகிறார், மாற்ற இடமில்லை, மறுபடி மறுபடி தட்டுகிறார்.

இரண்டு டிரக்டரி சேர்வர் கொடுத்திருந்தால், இணைப்பு கிடைக்காதபோது மட்டும் இரண்டாவதுக்குப் போக வேண்டும். 49க்கும் போனால் ஒரு தவறு இரண்டாக எண்ணப்படும். ஐந்தில் பூட்டு என்ற விதி மூன்றாவது தவறிலேயே பூட்டிவிடும். காத்திருக்கும் நேரத்தை ஐந்து வினாடி என்று வையுங்கள். மழையில் கொழும்பு இணைப்பு அறும் நாளுக்காக டிரக்டரியைச் சாராத உள்ளூர் அட்மின் கணக்கு ஒன்றும் இருக்கட்டும், அதன் பாஸ்வேர்ட் மூடிய உறையில் இரும்புப் பெட்டியில்.

வேலையை விட்டவரின் கணக்கை டிரக்டரியில் முடக்கினாலும், ஏற்கெனவே திறந்த அமர்வு தானாக மூடாது. 30 நாள் "என்னை நினைவில் வை" இருந்தால் 30 நாளும் உள்ளேதான். செக்ரோல் செயலிக்கு எட்டு மணித்தியாலம் தாராளம். அந்த டிக் பெட்டியையே எடுத்துவிடுங்கள்.