புல்லட் கார்புரேட்டருக்கு ஜெட் மாற்றிச் சரிசெய்த ஆறு வாரங்கள்

அப்பா 1996ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் 350 இன்றும் எங்கள் கோயம்புத்தூர் வீட்டில்தான் நிற்கிறது. திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் மிக்கார்ப் விஎம் 24. சென்ற ஆண்டு அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் கடையில் கிடைத்த வேறொரு சைலன்சரை மாட்டினேன். உள்ளே தடுப்புகள் குறைந்த வகை அது. மாட்டிய மறுநாளிலிருந்தே வண்டியின் குணம் மாறிவிட்டது. காலையில் சோக்கை விட்டால் எஞ்சின் தொடர்ந்து ஓடாமல் அணைந்தது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் கார்புரேட்டர் வழியாகவே திருப்பி அடித்தது. வேகத்திலிருந்து கையை விட்டால் சைலன்சருக்குள் படபடவென்று வெடித்தது. சிறிது தூரம் ஏற்றத்தில் போனாலே கால் பக்கம் அனல் வீசியது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்த கலவையின் அடையாளங்கள் இவை. பட்டறை மொழியில் சொன்னால் வண்டி லீனாக ஓடியது.

அதற்குச் சைலன்சர் ஒன்று மட்டும் காரணம் இல்லை. இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் இந்த அளவில் கலந்தால் தேவை 13.5 கிலோ அளவுக்கு இறங்குகிறது. கார்புரேட்டருக்குப் பதில் ஊசித்துளை வழியாக எரிபொருளைப் பீய்ச்சும் (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) புதிய வண்டிகளில், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து அளவைத் தானே திருத்திக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய பெட்ரோலுக்கென்று துளையிடப்பட்ட ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு திருகு, அதே அளவைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கும். கலவை ஏழெட்டு சதவீதம் லீனாகிவிடும். அதன்மேல் காற்றோட்டம் கூடிய சைலன்சரும் சேர்ந்ததால் வண்டி தாங்கவில்லை என்பதே என் முடிவு.

முதலில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே கார்புரேட்டரைக் கழற்றி, கிளட்ச் கேபிளின் ஒற்றைக் கம்பியை ஜெட்டின் துளைக்குள் விட்டுக் குடைந்து "அடைப்பு எடுத்தாச்சு" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள். ஜெட் பித்தளையால் ஆனது. எஃகுக் கம்பி பட்டால் துளையின் உள்சுவர் கீறி, அளவு மாறி, அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்று அடித்துச் சுத்தம் செய்தாலே போதுமானது. அன்றே இந்த வேலையை நானே கற்றுச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைச் சரிபார்த்தாக வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும், ஏனென்றால் காற்றுக் கசிவும் தவறான டேப்பெட் (வால்வு இடைவெளி) அமைப்பும் லீன் ஓட்டத்தைப் போலவே நடிக்கும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு டேப்பெட் மூடியைத் திறந்து, வால்வைத் திறக்கும் தண்டான புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது என்ற கணக்கில் இரண்டையும் வைத்தேன். தீப்பொறியை இயக்கும் பாயிண்டைத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தேன். சைலன்சர் வளைகுழாய் எஞ்சினில் சேரும் இடத்தை இறுக்கினேன். அங்கே கசிந்தாலும் கையை விடும்போது வெடிக்கும். பிறகு எஞ்சினை ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகாமல், ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இன்சுலேட்டர் கட்டையைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டேன். ஒரு மூலையில் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டது, அந்த நொடியில் எஞ்சினின் ஓசையும் மாறியது. உள்ளே இருந்த ஓ-ரிங் காய்ந்து தட்டையாகி இருந்தது. புதியதைப் போட்டதும் திருப்பி அடிப்பது பாதியாகக் குறைந்தது. அந்தச் சிறு வளையத்தைக் கவனிக்காமல் பெரிய ஜெட் போட்டிருந்தால், ஒரு குறையை இன்னொரு குறையால் மூடியிருப்பேன்.

மீதி இருந்தது உண்மையான ஜெட் வேலை. என் கார்புரேட்டரில் மெயின் ஜெட் 90, பைலட் ஜெட் 25, பெட்ரோல் துளைக்குள் ஏறி இறங்கும் ஊசியான நீடிலின் ஐந்து பள்ளங்களில், அதைத் தாங்கும் கிளிப் நடுப்பள்ளத்தில் இருந்தது. எண் கூடினால் துளை பெரிது, பெட்ரோல் அதிகம். வண்டி இழுக்கவில்லை என்றாலே மெயின் ஜெட்டைப் பெரிதாக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது; நானும் அதே எண்ணத்தில் முதலில் 110 வாங்கிப் போட்டேன். ஊருக்குள் ஓட்டும்போது எந்த மாற்றமும் தெரியவில்லை. காலைத் தொல்லையும் அப்படியே இருந்தது. நெடுஞ்சாலையில் முழுதாகத் திருகியபோது மட்டும் எஞ்சின் கனத்து, தொண்டை அடைத்தவர் பேசுவதைப் போல மூச்சுத் திணறியது.

அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை அமர்ந்து படித்தேன். ஆக்சிலேட்டர் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. அதற்கு மேல் கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியிலுள்ள வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடிலும் அது இறங்கி நிற்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் முறை. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் என்றாலும் இந்த அடிப்படை மாறாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் சமவெளியில் போகும் புல்லட் கால் பங்கு திறப்பைத் தாண்டுவதே அரிது. ஆகவே அன்றாடம் நாம் உணரும் குறைகளில் பெரும்பகுதி பைலட்டையும் நீடிலையும் சேர்ந்தது.

ஆக்சிலேட்டர் பிடியிலும் அதன் கூட்டிலும் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டேன். எந்தக் கோட்டில் தடுமாறுகிறது என்று பார்த்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்றும், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதாமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டேன்.

பைலட்டுக்கான சோதனை எளிது. பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிய எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் மூடி, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாகத் திறந்துகொண்டே எங்கே எஞ்சின் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறது என்று கவனிக்க வேண்டும். இந்த வகைக் கார்புரேட்டரில் அந்த ஸ்க்ரூ காற்றைத்தான் கட்டுப்படுத்துகிறது. மூடினால் பெட்ரோல் ஓங்கும், திறந்தால் காற்று ஓங்கும். நல்ல நிலை ஒன்று முதல் இரண்டரைச் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும். எனக்கு அரைச் சுற்றிலேயே கிடைத்தது, அதாவது பைலட் போதவில்லை. கடையில் இருந்தது 30 மட்டுமே என்பதால் அதைப் போட்டேன். மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் ஓசை தெளியவில்லை, பெட்ரோல் வாடை அடித்தது. இரண்டு வாரம் காத்திருந்து 27.5 வரவழைத்தேன். ஒன்றரைச் சுற்றில் எஞ்சின் அழகாக ஓடியது. புல்லட்டின் ஸ்லோ ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும் அந்த நிதானத்தைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

கழற்றும்போது பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் வைத்துத்தான் செய்தேன். கார்புரேட்டரின் அடியிலுள்ள ஃப்ளோட் கிண்ணத்தின் பெட்ரோல் எப்படியும் சிந்தும். ஜெட்டின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் அகலமுள்ள ஸ்க்ரூடிரைவர் மிக முக்கியம்; சிறியதால் திருகினால் பித்தளை வழுக்கிப் பிய்ந்துவிடும். மாட்டும்போது உட்கார்ந்த பிறகு சிறிது அழுத்தினால் போதும்.

நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கிப் பார்த்தேன். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், கலவையில் பெட்ரோல் கூடும். அரைத் திறப்பில் இழுவை மந்தமாகி, மைலேஜும் குறைந்ததால் நடுப்பள்ளத்துக்கே திருப்பினேன்.

மெயின் ஜெட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நீண்ட ஏற்றத்தில், புதிய பிளக் போட்டு, மூன்றாம் கியரில் முழுத் திறப்பில் சில நொடிகள் ஏற்றி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை. ஸ்லோவில் ஓட்டி வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பைலட்டின் நிறத்தைத்தான் காட்டும். பழைய 90இல் பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, 110இல் கரி படிந்தது. 95 வெளிறியே நின்றது. 100இல் பிஸ்கட் நிறம் வந்தது. இன்றைய பெட்ரோலில் அந்த நிறம் பழைய காலத்தைப் போல அடர்ந்து வருவதில்லை. அடியில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தாலே நிறைவு கொள்ளலாம். மைலேஜ் 110இல் லிட்டருக்கு 29 வரை இறங்கியிருந்தது. மூன்று முறை தொட்டி நிரப்பிக் கணக்கிட்டதில் இப்போது 33 வருகிறது.

இந்த அமைப்போடு மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போனேன். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம்; அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. சமவெளியில் சரியாக இருந்த கலவை அங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். குன்னூரைத் தாண்டியதும் ஸ்லோ ஓட்டம் கனத்துத் தடுமாறியது. சாலையோரம் நிறுத்தி ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்தேன், தெளிந்துவிட்டது. ஓரிரு நாள் பயணத்துக்கு ஜெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. மறுநாள் மாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும், டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் நான் அளவுகளை எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, ஸ்க்ரூவைப் பழைய ஒன்றரைச் சுற்றுக்கே திருப்பி வைத்தேன்.