அறிக்கை வந்த பிறகு

மார்ச் 2
இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் கற்றல் திறனை அளந்த தேர்வின் அறிக்கை வந்துவிட்டது. அவள் உறங்கிய பிறகே பிரித்தேன். முன்பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசி அட்டவணைக்குப் போனேன். கணிதச் சிந்தனை 146, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 141, எழுத்துக்கூட்டல் 124, கணக்கு வேகம் 103. அந்த 103-ஐ விட்டுக் கண் நகர மறுக்கிறது.

மார்ச் 3
அவள் அப்பா அட்டவணையில் 146-க்குப் பக்கத்தில் இருந்த 99.9-ஐப் பார்த்துவிட்டு, "கணிதத்தில் 99.9 என்றால் நூற்றுக்கு அவ்வளவு வாங்கியிருக்கிறாள் என்றுதானே பொருள்?" என்று கேட்டார். அது பெர்சன்டைல். அதே வயதுக் குழந்தைகள் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 999 பேர் அவளுக்குக் கீழே இருப்பார்கள் என்று அது சொல்கிறதே தவிர, எத்தனை கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தாள் என்று சொல்வதில்லை. முன்பக்கங்களில் விளக்கம் இருந்தது. இன்று பொறுமையாகப் படித்தேன். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. ஆகவே 115 எடுத்த குழந்தை 84-ஆவது பெர்சன்டைலிலும், 130 எடுத்த குழந்தை 98-ஆவதிலும் நிற்கும். நடுவில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால் 50-ஆவது பெர்சன்டைலிலிருந்து 75-ஆவதுக்குப் போகப் பத்துப் புள்ளிகள் போதும். மேலே போகப் போக ஆள் குறைந்துவிடுவதால், 99-இலிருந்து 99.9-க்குப் போகவே பதினொரு புள்ளிகள் வேண்டியிருக்கிறது. நூறில் ஒரு குழந்தையையும் ஆயிரத்தில் ஒரு குழந்தையையும் பள்ளிகள் ஒரே "99"-க்குள் அடைத்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஏனெனில் அவ்விருவருக்கும் வகுப்பில் தேவைப்படுவது ஒன்றாக இருக்க முடியாது.

இதே கணக்கில் 103 என்பது 58-ஆவது பெர்சன்டைல். அவள் வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோரைவிட முன்னே இருக்கிறாள். மனம்தான் சமாதானம் அடையவில்லை.

மார்ச் 5
அட்டவணையின் ஓரத்தில் வகுப்பு இணை என்றொரு பத்தி இருக்கிறது. வாசிப்புக்கு நேரே 6.4 என்று போட்டிருக்கிறார்கள். தாத்தா அதைப் பார்த்து, "இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கிறாள்" என்று தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் அந்த எண்ணுக்குப் பொருள் வேறு. இதே தேர்வை எழுதினால், ஆறாம் வகுப்பில் சில மாதங்கள் படித்த நடுத்தர மாணவர் எத்தனை கேள்விகளுக்குச் சரியாக விடையளிப்பாரோ, அத்தனைக்கு இவளும் விடையளித்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு மாணவர் பக்கம் பக்கமாக எழுதும் கட்டுரையும், அவருக்குத் தெரிந்த வரலாறும் அறிவியலும் இந்தத் தேர்வில் கேட்கப்படவேயில்லை. அறிக்கை முழுவதிலும் மிக எளிதாகப் புரிவதுபோல் தோன்றி மிக அதிகமாக ஏமாற்றுவது இந்தப் பத்திதான். இதை அச்சிடாமலே விட்டிருக்கலாம்.

மார்ச் 6
மீண்டும் 103.

மார்ச் 8
146 என்ற எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் 139–153 என்று இருப்பதை இன்றுதான் கவனித்தேன். எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை உண்டு, நம்பகத்தன்மை (திரும்ப நடத்தினாலும் முடிவு எவ்வளவு மாறாமல் இருக்கும் என்பது; முழுமைக்கு 1) 0.95 உள்ள நல்ல தேர்வில்கூட, 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் இருபுறமும் ஏறத்தாழ ஏழு புள்ளிகள் இடம் விட வேண்டும். அப்படியானால் கணிதத்தின் 146-க்கும் வாசிப்பின் 141-க்கும் இடையில் வேறுபாடு இருக்கிறது என்றே அடித்துச் சொல்ல முடியாது. "கணக்குப் பிள்ளையா, மொழிப் பிள்ளையா" என்று வீட்டில் நடக்கும் விவாதத்தை இதோடு நிறுத்திவிடலாம். 103 மட்டும் எந்தப் பிழை வரம்புக்குள்ளும் அடங்காமல் தனியே நிற்கிறது.

மார்ச் 9
தேர்வாளரின் அவதானிப்புகள் என்ற பக்கத்தை முதல் நாளே படித்திருந்தால் இத்தனை இரவுகள் தூக்கம் கெட்டிருக்காது. கணக்கு வேகத் தேர்வுக்கு மூன்றே நிமிடம். ஒவ்வொரு 8-ஐயும் இரண்டு வட்டங்களாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து வரைந்திருக்கிறாள், கோணலாக விழுந்த ஒரு 7-ஐ அழித்துத் திரும்ப எழுதியிருக்கிறாள், பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இந்த 6+9-தான் மேலே 9+6 என்று வந்தது, ஏன் இரண்டு தடவை கேட்கிறீர்கள்?" என்று தேர்வாளரிடம் விசாரித்திருக்கிறாள். எழுதிய விடைகளில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆக, அந்த 103 அவளுடைய கையின் வேகத்தையும் அவளுடைய கவனம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து அளந்திருக்கிறது. எழுதுவதில் உண்மையான சிரமம் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் "கூட்டலே வேகமாக வரவில்லை, அதற்குள் மேல்பாடமா?" என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தை எடுத்து அவர்கள் முன்னே வைப்பேன்.

மார்ச் 10
"அந்தக் கடைசிக் கணக்குகள் மாதிரி இன்னும் இருக்கிறதா அம்மா?" என்று காலையில் கேட்டாள்.

மார்ச் 11
நேற்று அவள் கேட்டதிலிருந்து வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தேர்வில் தொடர்ந்து சில விடைகள் தவறினால் நிறுத்திவிடுவது விதி. கணிதச் சிந்தனைப் பகுதியில் அவளை அப்படி நிறுத்த வேண்டியிருக்கவில்லை, கேள்விகள்தாம் தீர்ந்துபோயின. அளவுகோலைவிட உயரமான ஆளை அதைக் கொண்டு அளந்ததுபோல், 146-க்கு மேல் என்ன இருக்கிறது என்பதை இந்தத் தேர்வால் காட்ட முடியவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971-இல் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு இந்தச் சிக்கலுக்குத்தான் வழி கண்டது: வகுப்புத் தேர்வுகளில் உச்சத்தைத் தொட்டுவிட்ட 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வைக் கொடுத்தார்கள், அதுவரை ஒன்றுபோல் தெரிந்த பிள்ளைகளிடையே பெரிய வேறுபாடுகள் தெரியவந்தன. ஏழு வயதில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு வகுப்பு மேலான கணிதத் தேர்வு ஒன்றை, நேரக் கட்டுப்பாடில்லாமல், அவள் வாயால் விடை சொல்ல எழுதிக்கொள்ளும் ஒருவரோடு நடத்தும்படி பள்ளியிடம் கேட்கப்போகிறேன். ஒரேயடியாக வகுப்பு தாண்டுவதைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மார்ச் 12
பள்ளியில் இதைப் பற்றிப் பேசவிருந்த சந்திப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவதானிப்புப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து இன்றே அனுப்பிவிட்டேன்.