வெனிஸ் சந்துகளில் வரைபடத்தோடு

கொடி என் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாக, ஒரு பழைய வீட்டின் பக்கச்சுவர் ஓரத்தில், என்னிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு சிறு கால்வாய், பாலம் இல்லை. நான் ஓடிவந்த சந்து நாலைந்து கற்படிகளாகத் தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே முடிந்துபோயிருந்தது. வெனிஸ் நகரில் நான் கலந்துகொண்ட முதல் ஓரியன்டீரிங் போட்டியின் ஏழாவது கன்ட்ரோல், அதாவது தொட்டாகவேண்டிய ஏழாவது இடம், அது. வந்த வழியே திரும்பி, இரண்டு பாலங்களைக் கடந்து, ஒரு தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கொடியை அடைய எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே நகரில் ஓடும்போது திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓரியன்டீரிங் என்பது வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு, குறிக்கப்பட்ட இடங்களை வரிசை மாறாமல் தொட்டுவிட்டு, எல்லோரையும்விட விரைவாக முடிவிடத்துக்கு வந்து சேரும் விளையாட்டு. வரைபடத்தில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம் தொடக்கத்தையும், வட்டங்கள் கன்ட்ரோல்களையும், இரட்டை வட்டம் முடிவையும் காட்டும். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் ஒரு கொடியும் எண்ணும் மின்னணுப் பெட்டியும் இருக்கும். விரலில் மாட்டியிருக்கும் சிறு சில்லை அந்தப் பெட்டியில் வைத்தால் நாம் வந்த நேரம் பதிவாகிவிடும். இடையில் எந்த வழியாகப் போகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பதே விளையாட்டின் உயிர்.

காட்டில் பிறந்த விளையாட்டு இது. பொதுமக்கள் பங்கேற்ற முதல் போட்டி 1897 அக்டோபரில் நார்வேயில் நடந்தது. நகரத் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் ஏற்ற குறும் ஓட்டமான ஸ்பிரிண்ட், உலகப் போட்டியில் 2001இல்தான் இடம்பெற்றது. வெனிஸ் அதற்கு முன்பிருந்தே ஆண்டுதோறும் நவம்பரில் ஆயிரக்கணக்கானோரைத் தன் சந்துகளில் ஓடவிட்டுக்கொண்டிருக்கும் நகரம். 2014இல் உலகப் போட்டியின் ஸ்பிரிண்ட் இறுதிச் சுற்றும் அங்கேயே நடந்தது. தகுதிச் சுற்று பக்கத்திலுள்ள புரானோ தீவில் நடந்தது.

காட்டில் ஓடுகிறவரின் முதல் கவலை ‘நான் எங்கே நிற்கிறேன்’ என்பது. நகரத்தில் அந்தக் கேள்விக்குத் தெருமுனைகளே பதில் சொல்லிவிடும்; அங்கே எழும் கேள்வி ‘எந்த வழி திறந்திருக்கிறது’ என்பது. ஸ்பிரிண்ட் வரைபடம் வழக்கமாக 1:4000 அளவில் வரையப்படும். தாளில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 40 மீட்டர். நன்றாக ஓடுகிறவர் அதைப் பத்து நொடிக்குள் கடந்துவிடுவார். எனவே முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கட்டடங்கள் சாம்பல் நிறத்திலும், கட்டடத்துக்கு அடியில் நுழைந்து போகும் வழிகள் அதைவிட வெளிர்ந்த சாம்பலிலும், தாண்டக்கூடாத சுவர்கள் தடித்த கருங்கோடாகவும், தனியார் இடங்கள் மங்கிய பச்சையிலும் இருக்கும். தடித்த கோடாகக் காட்டப்பட்ட சுவர் இடுப்பு உயரமே இருந்தாலும் அதைத் தாண்டினால் தகுதிநீக்கம். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. எகிறிக் குதிக்கும் வலிமைக்கு அது இடம் தருவதில்லை. வாசிப்புக்குத்தான் பரிசு தருகிறது.

இனி அந்தப் படிகளுக்கு வருகிறேன். அன்று நான் செய்த பிழை, வரைபடத்தில் நான் நின்ற இடத்திலிருந்து கன்ட்ரோலை நோக்கிக் கண்ணை ஓட்டியது. வேறெந்த நகரத்திலும் பெரும்பாலும் அது போதும். கொடியை நோக்கிச் செல்லும் தெரு ஏறக்குறைய கொடியிடம் கொண்டுபோய்விடும். வெனிஸில் அப்படி நம்ப முடியாததற்கு அந்த நகரம் எழுந்த விதமே காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் கூட்டமாகிய அந்த ஊரில் நூற்றாண்டுக்கணக்காக முதன்மைச் சாலை தண்ணீர்தான். மாளிகைகளின் அலங்கார முகப்பும் பெரிய வாசலும் கால்வாயைப் பார்த்திருக்கும். சந்து போவது அவற்றின் முதுகுப்பக்கம். காலே என்று அவர்கள் அழைக்கும் சந்துகளில் பல, படகில் ஏறுவதற்காகவே தண்ணீர்வரை நீண்டவை. ஓடுகிறவருக்கு முட்டுச்சந்தாகத் தெரிவது அந்த ஊர்க்காரருக்குத் துறை. ஒவ்வொரு தீவும் தனக்கென ஒரு தேவாலயத்தையும் சதுக்கத்தையும் சந்துகளையும் கொண்டு வளர்ந்தது. அவற்றை இணைத்த பாலங்கள் பல பிறகு வந்தவை. அதனால் இரு கரைச் சந்துகளும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதில்லை, பாலங்கள் சில கோணலாகத் தண்ணீரைக் கடக்கின்றன. அந்தக் கோணல் பாலத்தை முதன்முதலில் காண்கிறவருக்கு அது கட்டியவரின் கவனக்குறைவாகத் தோன்றலாம். உண்மையில் அது இரண்டு தீவுகள் காலங்கடந்து கைகோத்துக்கொண்டதன் தடம்.

ஆகையால் வெனிஸில் வழியைக் கன்ட்ரோலிலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். வட்டத்தின் நடுவில் கண்ணை வைத்து, அது கால்வாயின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்து, அந்தக் கரைக்கு வரும் பாலம் எது என்று தேடி, அந்தப் பாலத்திலிருந்து நான் நிற்கும் இடம்வரை சந்துகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு வந்தால், எத்தனையோ ஏமாற்றுச் சந்துகள் தாமாகவே விலகிவிடும். இதற்கு நான்கைந்து நொடி ஆகும். மற்றவர்கள் கடந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நான்கைந்து நொடி நிற்பது கடினம். காலைவிட நெஞ்சைத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் நான் வேகமாக ஓடிய ஆண்டைவிட நின்று வாசித்த ஆண்டுதான் முன்னதாக முடித்தேன்.

தெருக்களின் வகையைத் தெரிந்துகொள்வதும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஃபோண்டமெந்தா என்றால் கால்வாயின் ஓரமாகவே போகும் பாதை. ஒரு பக்கம் தண்ணீர் இருப்பதால் வரைபடத்தோடு ஒப்பிட எளிது. ரியோ தெரா என்றால் மண்ணிட்டு மூடப்பட்ட கால்வாய். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் மூடப்பட்ட இவை, பழைய கால்வாயின் அகலத்தை அப்படியே வைத்திருப்பதால் சந்துகளைவிடத் தாராளமானவை. வழியில் படியேற வேண்டிய பாலங்களும் குறைவு. சொட்டோபோர்த்தெகோ என்பது வீட்டுக்கு அடியில் புகுந்து போகும் இருண்ட வழி. தாளில் வெளிர் சாம்பல் கீற்றாகத் தெரியும் அதைக் கவனிக்காதவர் முழுக் கட்டட வரிசையையும் சுற்றவேண்டி வரும். ஊரின் சுவர்களில் வெள்ளைச் சாந்துக் கட்டங்களில் தெருப்பெயர்கள் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் ஒரே பெயர் பல பகுதிகளில் வருவதால் அதை நம்பி ஓடுவதில் பொருளில்லை. வீட்டு எண்களும் தெருவாரியாக இல்லாமல் நகரின் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனியே ஒரே தொடராகப் போகின்றன. காஸ்தெல்லோ பகுதியில் அவை 6,000ஐத் தாண்டும். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் அந்த ஒடுங்கிய சந்துகளில் தடுமாறிவிடுகிறது. வீடு திரும்பிப் பார்த்தால் நான் மாளிகைச் சுவர்களை ஊடுருவி ஓடியதாக அது கோடு போட்டிருக்கும்.

இரண்டாம் முறை ஓடியபோது, பெரிய கால்வாயின் ஒரு கரையிலுள்ள சான் போலோ பகுதியிலிருந்து மறுகரையிலுள்ள கன்னரேஜோ பகுதிக்குப் போகவேண்டிய ஒரு நீண்ட கட்டம் வந்தது. பெரிய கால்வாயைக் கடக்க நகரில் நான்கே பாலங்கள் உண்டு. எனக்கு உதவக்கூடியவை 1591இல் முடிக்கப்பட்ட ரியால்டோவும், ரயில் நிலையத்தருகே உள்ள ஸ்கால்சியும். கோடு போட்டு அளந்தால் ரியால்டோ வழி குறைவு. ஆனால் நண்பகல் நேரத்தில் அதன் படிகளில் பயணிகள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள் என்பது வரைபடத்தில் இல்லாத தகவல். நான் ஸ்கால்சியைத் தேர்ந்தேன். தூரம் கூடுதலானாலும் ஓட்டத்தின் தாளம் குலையவில்லை. அந்தக் கட்டத்தில் என் நேரம் என் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. தூரத்தைப்போலவே படிகளையும் மனிதர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

மனிதர்கள் என்று சொல்லும்போது இதையும் சொல்லவேண்டும். பழைய நகரப் பகுதியில் நிலையாக வசிப்போர் இன்று 50,000க்கும் குறைவு. ஒவ்வொரு நாளும் அந்நியர் கூட்டத்துக்கு நடுவே தங்கள் பாதையைத் தேடிக்கொள்ளும் அவர்களுக்கு, மூச்சிரைக்க வரும் நாமும் கூடுதல் சுமைதான். பாலத்தின் படியில் சக்கரப்பை இழுத்துக்கொண்டு ஏறும் ஒரு மூதாட்டியைக் கண்டால் நின்று வழிவிடுவதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். குருட்டு முனைகளில் ஓட்டத்தை நடையாக்குவதும் அப்படித்தான். ஒருமுறை ஒரு பெரியவர் கையால் சைகை காட்டி, நான் நுழையவிருந்த சந்து தண்ணீரில் முடிகிறது என்று உணர்த்தினார். வரைபடத்தில் சரிபார்த்தேன், அவர் சொன்னது சரி, என் இலக்கு வேறு சந்தில் இருந்தது. குனிந்து வணங்கிவிட்டு ஓடினேன்.

கன்ட்ரோல்களில் எனக்கு மிகவும் பிடித்தவை கிணறுகளின் அருகில் வைக்கப்படுபவை. காம்போ எனப்படும் சதுக்கங்களின் நடுவே செதுக்கிய கல் விளிம்போடு நிற்கும் அவை ஊற்றுக்கிணறுகள் அல்ல. உப்புநீர் சூழ்ந்த ஊரில் மழைநீரைச் சேமிக்க, தளத்துக்கு அடியில் களிமண் பூசிய குழி தோண்டி, மணலை நிரப்பி, அதன்வழி வடிந்த நீர் நடுவிலுள்ள கிணற்றில் ஊறும்படி அமைத்திருக்கிறார்கள். 1884இல் குழாய்நீர் வந்தபின் அவற்றை மூடிவிட்டார்கள். பெட்டியில் சில்லை வைக்கும் அந்த ஒரு நொடியில், கயிறு உராய்ந்து உராய்ந்து விளிம்புக்கல்லில் விழுந்திருக்கும் பள்ளங்களைக் கண் பார்த்துவிடும். உடனே அடுத்த வட்டத்துக்குக் கவனத்தைத் திருப்பியாக வேண்டும். கன்ட்ரோலின் எண்ணைச் சரிபார்க்க மறந்து, இருபது மீட்டர் தள்ளியிருந்த வேறொரு கிணற்றடிப் பெட்டியில் சில்லை வைத்து ஒரு போட்டியை முழுவதுமாக இழந்திருக்கிறேன்.

முதல் போட்டி முடிந்த மறுநாள் காலை, வரைபடத்தில் நான் ஓடிய வழியைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஏழாவது கன்ட்ரோலுக்கு முன்பு என்னை நிறுத்திய அந்தச் சந்துக்கு நடந்தே போனேன். கொடியை அகற்றிவிட்டிருந்தார்கள். நீர் முந்தைய நாளைவிடத் தாழ்ந்து, பாசி படிந்த இன்னும் இரண்டு படிகள் வெளியே தெரிந்தன. ஒரு சரக்குப் படகை அங்கே கட்டியிருந்தார்கள். இருவர் சிமென்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நான் நேற்று முடிவு என்று நினைத்துத் திரும்பிய அதே படியில் கால்வைத்து, சந்துக்குள் கொண்டுவந்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்று அவர்களுக்கு வழிவிட்டேன்.