சென்னையின் எஃப்சி: இன்னொரு புலம்பல்

2015, 2018 என ரெண்டு முறை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) கோப்பையைத் தூக்கிய அணி 2024-25 சீசனில் பதினோராம் இடம் என்றால் எப்படித்தான் ஜீரணிப்பது? முத்தியால்பேட்டை டீக்கடையில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நண்பன் பழியை எல்லாம் அப்போதைய கோச் ஓவன் காயில் தலையில் போடுகிறான். அது சரியில்லை, 2019-20-இல் பாதியில் வந்து, அடியில் கிடந்த அணியை ஃபைனல் வரை இழுத்துப் போனவரும் அதே ஆள்தானே! எனக்குக் குறை டிஃபென்ஸ் மேல்தான். 2018 ஃபைனலில், பெங்களூரு மண்ணிலேயே ரெண்டு ஹெட்டர் கோல் போட்ட டிஃபென்டர் மைல்சன் ஆல்வெஸ் மாதிரி ஒருத்தர் அப்புறம் நமக்கு எங்கே கிடைத்தார்?

இதற்கு நடுவில் மாஹேக்காரன் ஒருத்தன், கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன், சிரிக்கிறான். மூணு ஃபைனல் தோத்துட்டு சிரிப்பு வேற. டேய், முதல்ல ஒரு கோப்பை வாங்கிட்டு வாங்கடா.