அம்மா ஒரு வாரம் மறைத்த விஷயம்

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் சீசன். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதை அம்மா ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை, இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தலைசுற்றி விழுந்த அன்று 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் வந்து சேர்ந்தபோது ஹீமோகுளோபின் 6. உடனே ரத்தம் ஏற்றினார்கள்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கோலிக்குண்டு அளவு வீக்கம், நடுவில் சின்னப் புண், ரத்தம் கசிந்து மலம் கறுத்தது அதனால்தான். பயாப்ஸியில் ஒன்றுமே இல்லை! கட்டி உள்சவ்வுக்கு அடியில் இருந்தால் மேலோட்டமாகக் கிள்ளி எடுக்கும் சதையில் சிக்காதாம். சிடி ஸ்கேனில் மருந்து ஏறியதும் பளிச்சென்று தெரிந்தது. இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டி என்றே நினைத்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் சுற்றிலும் கொஞ்சம் இரைப்பையோடு சேர்த்து வெட்டியெடுத்து, சாயச் சோதனையில் ஜிஸ்ட்டுக்கு உரிய சிடி117 என்ற புரதம் நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் பெயர் தெரிந்தது: குளோமஸ் கட்டி. ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள செல்களில் கிளம்புவது, வழக்கமாக விரல் நகத்துக்கடியில் வருமாம். இதைக் கேட்டதும் அம்மா பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். பெரும்பாலும் புற்று இல்லை, ஆனாலும் செக்கப்பை விடக்கூடாது என்றார்கள். சரி. இப்போதைக்கு வீட்டில் சண்டை மிளகு ரசத்துக்குத்தான், கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.